கோதுமையை நிறுத்திய பிறகு உடம்பு வாடை மாறினால் எங்கே தேடுவது

கோதுமை, ரவை, மைதா, பார்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் குளூட்டன் இல்லாத சாப்பாட்டுக்கு மாறியவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. உடம்பு வாடை மாறியிருக்கிறதே, இது சாதாரணம்தானா? சிலருக்கு வருஷக்கணக்காக இருந்த நாற்றம் குறைந்திருக்கும். சிலருக்கு முன்பு இல்லாத வாடை புதிதாக வந்திருக்கும்: வாயில் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி, வியர்வையில் வெந்தயம் மாதிரி, சில நேரம் மீன் கவிச்சி மாதிரி. இரண்டுமே நடக்கக்கூடியதுதான். காரணத்தைத்தான் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

"உடம்பில் தேங்கிய குளூட்டன் நஞ்சு வியர்வையாக வெளியேறுகிறது, கொஞ்ச நாள் நாறத்தான் செய்யும், பொறுத்துக்கொள்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதை நம்ப வேண்டாம். குளூட்டன் ஒரு புரதம். கொழுப்பு சேர்வதுபோல அது உடம்பில் சேர்ந்து கிடப்பதில்லை. முழுதாகச் செரிக்காத துண்டுகளும் சில நாளில் மலத்தோடும் சிறுநீரோடும் போய்விடும். அதை வெளியே தள்ளும் வேலை வியர்வைச் சுரப்பிக்குக் கிடையாது. சப்பாத்தி போன இடத்தில் மூன்று முட்டை வந்திருக்கும், காலை பிரெட் போன இடத்தில் ஊறவைத்த வெந்தயமும் கம்பங்கூழும் வந்திருக்கும், இரவுச் சாப்பாடே பாதியாகியிருக்கும். வாடை அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே எதை நிறுத்தினோம் என்று யோசிப்பதைவிட, அதற்குப் பதிலாக எதைச் சாப்பிட ஆரம்பித்தோம் என்று பார்த்தால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

சீலியாக் நோய் இருப்பவர்களுக்கு மட்டும், குளூட்டன் போனதே நேரடியாக வாடையைக் குறைக்கும். இந்த நோயில் குளூட்டனைக் கண்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உறிஞ்சும் பரப்பையே தாக்குகிறது. கொழுப்பு உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும். கழிவறையில் நாற்றம் வெகுநேரம் நிற்கும். செரிக்காமல் தங்கிய மாவுச்சத்து குடல் பாக்டீரியாவுக்குத் தீனியாகி நாள் முழுக்க வாயு பிரியும். "எனக்கு உடம்பே நாறுது" என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் இருந்தது இந்த வாயுவின் நாற்றம்தான். குளூட்டனை ஒழுங்காக நிறுத்தினால் சில வாரத்திலேயே இது குறையத் தொடங்கும். குடல் முழுதாக ஆறப் பெரியவர்களுக்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோகூட ஆகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாடையும் வயிற்றுப் பொருமலும் இருக்கிறது என்று தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, பிறகு பரிசோதனைக்குப் போகாதீர்கள். சீலியாக் நோயைக் கண்டறியும் டிடிஜி ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும் மொத்த ஐஜிஏ அளவும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தால்தான் நம்பத்தக்கவை. நிறுத்தி மாதக்கணக்காகிவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். சந்தேகம் தீர மறுபடி சில வாரம் கோதுமை சாப்பிட்டு அவதிப்பட்ட பிறகே பரிசோதிக்க முடியும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். இந்தியாவில் பல பகுதிகளில் எடுத்து 2016-ல் வெளியான ஆய்வில், சீலியாக் நோய் வடக்கே 1.23 சதவீதம், வடகிழக்கே 0.87 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம் என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் இது அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் இந்த நோய்தான் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது.

முதலில் வாடை எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

தன் வாடை தனக்குத் தெரியாது. மூக்கு சில நிமிடத்தில் பழகிவிடும். அதனால் குனிந்து முகர்ந்து பார்ப்பதில் பயனில்லை. வெந்நீரில் அலசி வெயிலில் காய்ந்த பழைய பருத்தித் துணியை உள்ளங்கை அளவுக்கு ஐந்தாறு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். குளித்து எட்டு மணி நேரம் கழித்து, சென்ட் எதுவும் போடாத நாளில், ஒரு துண்டால் அக்குள், ஒன்றால் கழுத்துப் பின்புறம், ஒன்றால் மார்பு, ஒன்றால் கால்விரல் இடுக்கு என்று அழுத்தித் துடைத்து, தனித்தனி மூடி டப்பாவில் போட்டு மூடுங்கள். எந்த டப்பாவில் எது என்று அடியில் எழுதுங்கள். வெளியே காற்றாட அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்து ஒவ்வொன்றாகத் திறந்து முகருங்கள். வீட்டில் கூச்சமில்லாமல் உண்மையைச் சொல்லும் ஒருவரிடமும் கொடுங்கள். அவருக்கு எது எந்த இடம் என்று சொல்ல வேண்டாம்.

அக்குள் துண்டு மட்டும் நாறினால் அது தோலில் இருக்கும் பாக்டீரியாவின் வேலை. சாப்பாட்டை மாற்றுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. கழுத்து, மார்பு, அக்குள் எல்லாத் துண்டிலும் ஒரே வாடை வந்தால் அது ரத்தம் வழியாக வியர்வையில் வருவது. அப்போதுதான் சாப்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாத் துண்டும் சுத்தமாக இருந்து பிறருக்கு மட்டும் நாறுகிறது என்றால் வாய், வாயு, துணி மூன்றில் ஒன்று. வாய்க்கு, மணிக்கட்டை நக்கிப் பத்து நொடி காயவிட்டு முகர்வது பழைய வழி. அதைவிடப் பின்பல் இடுக்கில் விட்டு எடுத்த பல் நூலை முகர்ந்தால் தெளிவாகத் தெரியும்.

மூன்று நாள் சோதித்தும், வீட்டில் இரண்டு பேர் முகர்ந்தும் எவருக்கும் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் நாறுகிறது என்ற எண்ணம் மட்டும் போகவில்லை என்றால் அதையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடை பற்றிய பயம் மட்டுமே தனியாக வந்து ஆளை வீட்டுக்குள் முடக்கிப்போடுவதுண்டு. அதற்கு மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது.

நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை: சாப்பாடு குறைந்துவிட்டது

குளூட்டனை விட்ட முதல் வாரத்தில் அதிகம் வருவது இதுதான். மூச்சில் அசிட்டோன் வாடை, சிலருக்கு அதிகம் பழுத்த பழத்தின் வாடை. எதைச் சாப்பிடலாம் என்று தெரியாமல் பயந்து, இருந்ததை நிறுத்திவிட்டு அதற்கு ஈடாக எதையும் வைக்காததால் வருகிறது. இரவுக்கு நான்கு சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுமார் 120 கிராம் மாவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதில் மாவுச்சத்து மட்டும் 80 கிராமுக்குப் பக்கம். அதை நிறுத்திவிட்டு இரண்டு முட்டையும் ஒரு தட்டு காய்கறியும் என்று முடித்துக்கொண்டால், காலை ரொட்டியும் மாலை பிஸ்கட்டும் சேர்ந்து போன நிலையில், ஒரு நாள் மாவுச்சத்து 50 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டு மூன்று நாளில் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும். அதில் ஒரு பங்கு அசிட்டோனாகி நுரையீரல் வழியே வெளியே வரும். பல் துலக்கினாலும் ஏலக்காய் மென்றாலும் போகாததற்குக் காரணம் இதுதான். வாடை வாயில் உண்டாகவில்லை, மூச்சிலேயே வருகிறது.

தீர்வு எளிது. வேளைக்கு ஒரு கப் சோறு, அதாவது சுமார் 150 கிராம், 40 கிராமை ஒட்டிய மாவுச்சத்தைத் தரும். மூன்று வேளையும் அந்த அளவுக்குச் சோறோ, இட்லியோ, இடியாப்பமோ, ராகிக் களியோ, சர்க்கரைவள்ளிக் கிழங்கோ வைத்துக்கொண்டால் ஓரிரண்டு நாளில் வாடை அடங்கும். அரிசி, ராகி, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம் எதிலும் குளூட்டன் இல்லை. தமிழ்ச் சமையலில் இருப்பவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? அரிசியைக் கண்டு பயப்பட இந்த உணவுமுறையில் காரணமே இல்லை. சீலியாக் நோயாளிகளில் பலர் ஏற்கெனவே எடை குறைந்தவர்கள். அவர்கள் மாவுச்சத்தைக் குறைப்பது கூடவே கூடாது.

சர்க்கரை நோய் இருப்பவர்கள் இந்த வாடையை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடும் முதல் வகைச் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சீலியாக் நோய் வருவது மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்கு மூச்சில் பழ வாடையோடு வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, தள்ளாட்டம் இருந்தால் அது கீட்டோஅசிடோசிஸாக, அதாவது கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். அன்றே, அந்த மணியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே இந்த ஆபத்து வரக்கூடும். மாவுச்சத்தைத் திடீரென்று குறைப்பது அதைத் தூண்டும். அந்த மாத்திரையில் இருப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டில் புரதம் மட்டும் கூடி, தண்ணீர் குறைந்தால் வியர்வையிலும் சிறுநீரிலும் அமோனியா நெடி வரும். சிறுநீர் வெளிர்மஞ்சளாகும் அளவுக்குத் தண்ணீர் குடித்து, சோற்றைக் கூட்டினால் அதுவும் தணியும்.

வெந்தயமும் பெருங்காயமும்

குளூட்டன் இல்லாத சாப்பாடு என்றதும் நம் வீடுகளில் இட்லி, தோசை, அடை, சாம்பார், பொடி எல்லாம் கூடுகிறது. கூடவே இரண்டு மணப்பொருளும் கூடுகின்றன.

வெந்தயத்தில் சோட்டோலான் என்ற மணப்பொருள் இருக்கிறது. அது உடம்பில் பெரிதாக மாறாமல் வியர்வையிலும் சிறுநீரிலும் அப்படியே வெளியே வருகிறது. பாகும் மசாலாவும் கலந்த மாதிரி ஒரு கனமான வாடை. வெந்தயம் நிறையச் சாப்பிட்ட தாய்க்குப் பிறந்த குழந்தையின் சிறுநீரில் இந்த வாடை வந்து, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்ற கடுமையான பிறவிக் குறையோ என்று மருத்துவர்களே சந்தேகித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவ்வளவு திடமான வாடை இது.

ஆனால் பழியை மாவின் மேல் போடாதீர்கள். நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்துக்கு ஒரு டீஸ்பூன் வெந்தயம் என்றால் அது ஏறக்குறைய 4 கிராம். அந்த மாவில் நாற்பது இட்லி வருமென்று வைத்தால் ஒரு இட்லிக்கு 0.1 கிராம்தான். அது வியர்வையை மாற்றாது. மாற்றுவது, வயிற்றுக்கு நல்லது என்று காலையில் விழுங்கும் ஒரு டீஸ்பூன் ஊறிய வெந்தயம், அதோடு வெந்தயக் களி, வெந்தய தோசை, வெந்தயம் தூக்கலான வத்தக்குழம்பு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 8, 10 கிராமுக்குப் போய்விடும். சிறுநீரிலும் சட்டைக் கழுத்திலும் ஒரே வெந்தய வாடை வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். மாவிலுள்ளதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். சர்க்கரைக்காக வெந்தயம் சாப்பிடுபவர்கள் நிறுத்தும்போது சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருங்காயம் இரண்டு பக்கமும் சிக்கல் தருவது. டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தில் பாருங்கள்: எடிபிள் கம், வீட் ஃப்ளவர் (கோதுமை மாவு), அசஃபோடிடா என்று வரிசையாக இருக்கும். சிலவற்றில் மைதா. கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூளும் கட்டியும் பெரும்பாலும் இப்படிக் கோந்தும் மாவும் சேர்த்த கூட்டுப் பெருங்காயம்தான். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் அதைப் போட்டுக்கொண்டு "கோதுமையே தொடுவதில்லை, ஆனாலும் வயிறு சரியாகவில்லை" என்று சொல்லும் வீடுகள் பல. குளூட்டனை நிறுத்தும் எந்த வீட்டிலும் முதலில் மாற்ற வேண்டியது பெருங்காய டப்பா என்பது என் திடமான கருத்து. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதைப் பார்த்து வாங்கலாம்.

இன்னொரு வழி பால் பெருங்காயம், அதாவது மாவு கலக்காத பிசின். இதில்தான் வாடைச் சிக்கல். தூளைப் போட்ட அதே கால் டீஸ்பூன் கணக்கில் இதையும் போட்டால் கந்தகச் சேர்மங்கள் பல மடங்கு உள்ளே போகும். அன்று மாலையே வாயு, மறுநாள் மூச்சிலும் உடம்பிலும் கந்தக நெடி. நாலு பேர் சாம்பாருக்குக் கடுகளவில் இரண்டு துணுக்குப் போதும். நல்லெண்ணெயைச் சிறு தீயில் காயவைத்து, துணுக்கைப் போட்டு, அது பொங்கி உப்பி வெளுக்கும் வரை பொரித்து, நசுக்கிக் குழம்பில் சேர்க்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே பச்சையாகவே இருக்கும். பச்சைப் பெருங்காயத்தின் நெடிதான் அதிகம் நிற்பது.

பூண்டுக்கும் இதே கதை. பூண்டிலிருந்து வரும் அல்லைல் மீத்தைல் சல்ஃபைட் ரத்தத்தில் கலந்து மூச்சிலும் வியர்வையிலும் மறுநாள் வரை வரும். பிரெட்டும் ஜாமும் போய் இட்லியும் பூண்டுப் பொடியும் வந்த வீட்டில் இது தெரியத்தான் செய்யும். முக்கியமான நாளுக்கு முந்தின நாள் மதியத்திலிருந்து பூண்டைத் தவிர்ப்பதே நடைமுறை வழி.

வயிற்றிலிருந்து வருவது

வெள்ளை அரிசி, ஜவ்வரிசி, மக்காச்சோள மாவு என்று மட்டும் மாறினால் நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வரும். தங்கிய மலத்தின் வாயு நாறும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஒரே வாரத்தில் மூன்று வேளையும் சிறுதானியம், முளைகட்டிய பயறு, கொண்டைக்கடலை என்று இறங்கினால் அதைவிட மோசம். குடல் பாக்டீரியா பழகுவதற்குள் அழுகிய முட்டை மாதிரி நாற்றம் வரும். வாரத்துக்கு ஒரு வேளை என்று கூட்டிக்கொண்டு போங்கள். முதல் வாரம் காலையில் மட்டும் ராகிக் கூழ், அடுத்த வாரம் அதோடு மதியம் சாமைச் சோறு என்கிற மாதிரி. பயறை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீரில் குழைய வேகவையுங்கள்.

கடையில் வாங்கும் குளூட்டன் இல்லாத பிரெட்டிலும் பிஸ்கட்டிலும் மாவைக் கட்டிப்போடச் சாந்தன் கம், இசப்கோல், இனுலின் போன்றவை சேர்ப்பார்கள். நாளுக்கு இரண்டு துண்டு பரவாயில்லை; நான்கைந்து ஆனால் வாயு பிரியும். வீட்டில் ரொட்டி தட்ட இசப்கோல் சேர்ப்பவர்கள், ஒரு டீஸ்பூனுக்கு ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் கூடக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் அது வயிற்றைக் கட்டிப்போடும்.

பாலையும் கவனியுங்கள். சீலியாக் நோயில் குடல் சேதமாகும்போது பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் குறைந்துபோகிறது. கோதுமையை விட்டதும் பசிக்குப் பால் கூடும், அது செரிக்காமல் வாயுவாகும். குடல் ஆற ஆறப் பெரும்பாலானவர்களுக்கு இது சரியாகிவிடும். அதுவரை பாலுக்குப் பதில் நன்றாக உறைந்த தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மீன் கவிச்சி

முட்டை மஞ்சள் கரு, ஈரல், சோயா இவற்றிலிருக்கும் கோலினையும், ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியிலிருக்கும் கார்னிட்டினையும் குடல் பாக்டீரியா மீன் வாடையுள்ள டிரைமெத்திலமீன் ஆக்குகிறது. கடல் மீனில் அதன் ஆக்சைடு ஏற்கெனவே நிறைய இருக்கிறது, சுறாவில் ரொம்ப அதிகம். ஈரலிலுள்ள எஃப்எம்ஓ3 என்ற நொதி டிரைமெத்திலமீனை வாடையில்லாத பொருளாக மாற்றிவிடும். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு மீன் வாடை மூச்சு, வியர்வை, சிறுநீர் மூன்றிலும் வரும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிக் கூடும். அரைகுறையாகக் குறைபாடு உள்ளவர்கள் பழைய சாப்பாட்டில் தெரியாமலே இருந்து, நாளுக்கு நாலு முட்டையும் சோயாவும் மீனும் என்று மாறிய பிறகு வாடை வெளிப்படுவதுண்டு. பத்து நாள் இவற்றைக் குறைத்து, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, தயிர், ஆற்று மீன் என்று மாற்றிப் பாருங்கள். வாடை குறைந்தால் சிறுநீரில் டிரைமெத்திலமீன் அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. இந்த வாடை காரத்தன்மை உள்ளது. சாதாரணக் குளியல் சோப்பு அதைக் கூட்டும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் (pH) அளவு 5.5 முதல் 6.5 வரை உள்ள கழுவும் திரவம் உதவும். கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் முட்டையை இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். கோலின் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவை. பெண்ணுறுப்பில் மட்டும் மீன் வாடையும் வெள்ளைப்படுதலும் இருந்தால் அது வேறு, பாக்டீரியாத் தொற்று. மகளிர் மருத்துவர் ஒரு வார மருந்தில் சரிசெய்துவிடுவார்.

அக்குளும் சட்டையும்

சாப்பாட்டை மாற்றும் சமயத்தில்தான் பலர் உடற்பயிற்சியும் ஆரம்பிப்பார்கள், புதிதாக ஜிம் சட்டை வாங்குவார்கள். பாலியஸ்டரில் நாற்றம் உண்டாக்கும் பாக்டீரியா பருத்தியைவிட நன்றாக வளரும். துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்ட பத்தாவது நிமிடமே நாறினால் குறை சட்டையில்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, நொதி சேர்ந்த சலவைத்தூளில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, நேர் வெயிலில் காயப்போடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம். அது இழையில் படிந்து வாடையைப் பிடித்துவைக்கும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் காய்ந்த துணியின் ஈர வாடையையும் உடம்பு வாடை என்று நினைத்து வருந்துபவர்கள் உண்டு.

அக்குளுக்கு 2.5 முதல் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு கழுவியைத் தடவி ஒரு நிமிடம் விட்டுக் கழுவுவது, முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பாக்டீரியாவைக் குறைக்கும். எரிச்சல் வந்தால் நிறுத்துங்கள். வண்ணத் துண்டில் துடைக்காதீர்கள், சாயம் வெளுத்துவிடும். வியர்வையைக் குறைக்கும் அலுமினிய உப்புக் கலந்த ரோல்-ஆனை இரவில், நன்றாகக் காய்ந்த தோலில் போட வேண்டும். காலையில் ஈரத்தோடு போட்டால் பாதிப் பலன்தான், எரிச்சலும் வரும். அக்குள் முடியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது பாக்டீரியாப் படலம். முடியை மழித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

குளூட்டன் இல்லாத சென்ட், குளூட்டன் இல்லாத சோப்பு என்று அதிக விலை கொடுக்காதீர்கள். தோல் வழியே குளூட்டன் உள்ளே போய்க் குடலைத் தாக்குவதில்லை. வாய்க்குள் போகக்கூடிய உதட்டுச் சாயத்தில் மட்டும் கவனம் போதும்.

போன நாற்றம் திரும்பி வந்தால்

மூன்று மாதம் நன்றாக இருந்து, மறுபடி மலம் மிதந்து நாறத் தொடங்கினால் எங்கோ குளூட்டன் நுழைகிறது. இந்தியாவில் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. கோதுமை மாவில் குளூட்டன் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம் என்பதால், ஒரு கிலோ ராகி மாவில் கால் கிராம் கோதுமை மாவு, அதாவது ஒரு சிட்டிகைக்கும் குறைவு, கலந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். மாவு மில்லில் உங்களுக்கு முன்னால் கோதுமை அரைத்திருந்தால் கல்லிலும் வாயில் கட்டிய துணியிலும் அதைவிட எவ்வளவோ அதிகம் ஒட்டியிருக்கும். "முதல் ஒரு கிலோவைத் தள்ளிவிட்டு அரைத்துத் தாங்க" என்று கேட்பது சீலியாக் நோயாளிக்குப் போதாது. வீட்டிலேயே மிக்ஸியில் அரைப்பது, அல்லது கோதுமையே படாத சிறு மாவு இயந்திரம் வாங்கிக்கொள்வது, இரண்டில் ஒன்று.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிட்டால் சல்லடையும் பூரிக்கட்டையும் தனியாக வேண்டும். சல்லடைக் கண்ணில் ஒட்டிய மாவு எத்தனை கழுவினாலும் போகாது. தோசைக்கல்லும் தனி. ஹோட்டலில் பரோட்டா போடும் கல்லில் ஊற்றிய தோசை, சமோசா பொரித்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி, மால்ட் கலந்த சத்து பானம், சோயா சாஸ், கூட்டுப் பெருங்காயம் போட்ட சாம்பார், அப்பளம் இவைதான் அடிக்கடி மாட்டுபவை. கிறிஸ்தவக் குடும்பங்களில் நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டிக் கேட்டால் ஏற்பாடு செய்ய முடியும்.

ஆறு மாதம் கண்டிப்பாக இருந்தும் மலநாற்றம் குறையவில்லை, எடை ஏறவில்லை என்றால் வயிற்று மருத்துவரிடம் திரும்பப் போங்கள். கணைய நொதிக் குறைவும் சிறுகுடலில் பாக்டீரியா பெருகுவதும் இந்த நோயோடு கூடவே வரக்கூடியவை. இரண்டுக்கும் மருந்து உண்டு. வியர்வை திடீரென்று கூடி, நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவும் இருந்தால் தைராய்டு பாருங்கள். சீலியாக் நோயாளிகளுக்குத் தைராய்டுக் கோளாறு மற்றவர்களைவிட அதிகம். மூச்சில் சிறுநீர் நெடியோடு முகமும் காலும் வீங்கினால் சிறுநீரகம், கண் மஞ்சளோடு மூச்சில் மட்கிய இனிப்பு வாடை என்றால் ஈரல். இவற்றில் நாள் கடத்தக் கூடாது.

மருத்துவரிடம் போகும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுதுங்கள்: சாப்பிட்டது, அளவு, வாடை எந்த இடத்தில் எந்த மாதிரி, மலம் எப்படி. அந்த இரண்டு வாரத்தில் மூன்று நான்கு நாளுக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். வெந்தயம், முட்டை, பால் மூன்றையும் சேர்த்து நிறுத்தினால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும், பெருங்காயம், மசாலாப் பொடி, சத்துமாவு டப்பாக்களின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கேட்கும்போது பெயர் ஞாபகம் வராது.